இரண்டு கட்டு வெள்ளைத் துணி

நர்ஸ் டயப்பரின் ஒட்டுப்பட்டையைப் பிரித்தபோது மாமனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டை உரசிய இடமெல்லாம் இடுப்பில் செக்கச்செவேலென்று தோல் உரிந்திருந்தது. நர்ஸ் ‘ச்சு’க் கொட்டினாள்.

“இந்தக் காகித டயப்பர் இனி வேண்டாம். பெரியவருக்குத் தோலு தாங்கல. நல்ல பருத்தித் துணி இருந்தா மடிச்சு வைங்க, ஈரமானா உடனே மாத்துங்க. துடைக்கறதுக்கும் இந்த வாசனை போட்ட ஈரக் காகிதம் வேண்டாம், எரியும். வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில நனைச்ச துணி போதும். வீட்டுல துணி இருக்குல்ல?”

“இருக்கு,” என்றாள் மருமகள். இருபத்து நாலு இருந்தது. அத்தனையும் அவள் வயிற்றில் ஒன்பதாம் மாதமாகப் புரண்டுகொண்டிருந்த பிள்ளைக்காக வாங்கியது.

வாசலில் செருப்பு மாட்டும்போது நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “இன்னைக்குப் பொழுது தாண்டறது கஷ்டம்மா. மகன் எங்க?”

“லாரியில போயிருக்காரு. விடிகாலையே அங்கிருந்து கிளம்பிட்டாரு. நாலு மணிக்குள்ள வந்துருவாரு.”

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. படியிறங்கினாள்.

மருமகளுக்குக் கணவன் வந்து சேர வேண்டுமே என்ற கவலை ஒரு பக்கம். அதைவிட வெட்கங்கெட்ட கவலை ஒன்று மறுபக்கம், அதை யாரிடமும் சொல்ல முடியாது. மாமனார் அவளோடு பேசிப் பதினோரு நாளாகிறது. போவதற்குள் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். திட்டினாலும் சரி.

தெருவில் அவருக்குக் கஞ்சி என்று பெயர். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். சட்டையும் ஆளும் ஒரே விறைப்பு. ஊரார் ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளையெல்லாம் வெள்ளை வெளேரென்று திருப்பிக் கொடுத்த மனிதர், தன் உள்ளாடையை மட்டும் பெற்ற மகளைக்கூட அலச விட்டதில்லை. குழந்தைக்குக் காகித டயப்பர் வேண்டாம், துணிதான் என்று மருமகள் முடிவு செய்த அன்று வீட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். “காகிதம் குப்பைக்குப் போகும், துணி திரும்பி வரும்” என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். போதாததற்குத் தன் பழைய பனியன்களைக் கையகலத் துண்டுகளாக வெட்டி ஒரு டப்பாவில் அடுக்கினார். குழந்தையைத் துடைக்கவாம். தாத்தா பனியனாலா என் பிள்ளையைத் துடைப்பது என்று அவள் அந்த டப்பாவைக் காலால் கட்டிலடியில் தள்ளினாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இருபத்து நாலு துணியில் பன்னிரண்டை அவர் எடுத்துக்கொண்டு, பின்கட்டு அடுப்பில் சோடா உப்புப் போட்டு வேகவைத்தார். காயவைத்தார், மறுபடி வேகவைத்தார். இரண்டு நாள் கழித்துக் கொடியில் பார்த்தால் எல்லாம் சுருங்கி, தொட்டால் சொரசொரவென்று நின்றது. அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“இது புள்ளைக்கா, பாத்திரம் தேய்க்கவா மாமா? இனிமே என் புள்ளை துணியத் தொடாதீங்க!”

‘என் புள்ளை’ என்று சொல்லியிருக்க வேண்டாம். வாயை விட்டுப் போனதைக் கொடியில் போட்டு எடுக்கவா முடியும்?

மிச்சம் பன்னிரண்டை அவளே இயந்திரத்தில் போட்டாள். கடையில் விற்கிற நீல நிற வாசனைத் திரவத்தை ஒரு மூடிக்கு மூன்று மூடியாக ஊற்றினாள். துணி பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று வந்தது. வீம்புக்கு ஒன்றைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தாள். அவர் தண்ணீர்ச் செம்பில் விரலை விட்டு அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு உருண்டையாக நின்றது. அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போனார். அவ்வளவுதான். என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சரியான கல்லுளிமங்கன் என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டாள். உப்புப் பெறாத விஷயம் ஒரு வாரம் ஓடியது. நாலு நாள் முன்பு குளியலறையில் விழுந்தார். இதயம் கைவிட்டுவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவள் பக்கத்தில் டம்ளரோடு நின்றாலும், தூரத்தில் நிற்கும் மகளைப் பார்த்துத்தான் ‘தண்ணி’ என்றார்.

அவள் அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் அவள் கட்டு, கீழே பழைய செய்தித்தாளில் சுற்றி அவர் கட்டு. புண்ணாகிப் போன உடம்பு, மெத்தென்று இருக்கட்டும் என்று தன் கட்டையே எடுத்தாள்.

நாத்தனார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள்.

“புள்ளைக்கு வச்சதப் போயா எடுக்கற? கடைக்கு ஓடி வேற துணி வாங்கிட்டு வரேன்.”

“புள்ளை இன்னும் வரல அண்ணி. மாமா இருக்காரு.”

மூன்று துணியை மடித்து அடியில் வைத்தாள். அவர் பார்வை உத்தரத்தில் இருந்தது. கால் மணிகூட ஆகவில்லை, விரிப்பு முழுக்க ஈரம் பரவி முதுகு வரைக்கும் ஏறிவிட்டது. மாற்றினாள். இந்தத் தடவை நாலு துணியை மடித்து வைத்தாள். அதுவும் அப்படியே. அவர் உடம்பு லேசாக நடுங்கத் தொடங்கியது.

“என்னம்மா இது, துணியா குடையா?” என்றாள் நாத்தனார், அழுகையும் எரிச்சலுமாக. “ஒரு சொட்டுக்கூட உள்ள போகல. அப்பா ஈரத்துல கிடக்காரு பாரு!”

மருமகள் அந்தத் துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நனைந்திருக்கவே இல்லை. ஈரம் மணிமணியாக மேலே நின்று, சாய்த்ததும் உருண்டு அவள் புடவையில் விழுந்தது. வாசனை மட்டும் கமகமவென்று வந்தது.

வாசனைத் திரவம் நூலில் மெழுகு போலப் படிந்து தண்ணீரை உள்ளே விடவில்லை; செம்புத் தண்ணீரில் விரல் விட்டு அவர் வைத்த சொட்டு அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. யாரோ ஓங்கிக் குட்டியது போல் இருந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே மனுஷன் என்று கோபம் வந்தது. கேட்டுத் தொலைத்திருக்கலாமே என்று அதற்குப் பின்னாலேயே இன்னொரு கோபமும் வந்தது.

கீழ்த்தட்டுக் கட்டை எடுத்துச் செய்தித்தாளைப் பிரித்தாள். பன்னிரண்டும் ஒரே அளவில் மடித்து, ஓரத்துக்கு ஓரம் பொருந்தி இருந்தன. கட்டிலடியில் குனிய வயிறு விடவில்லை. முழங்காலிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, பனியன் துண்டு டப்பாவைக் கைக்கெட்டும் வரை இழுத்தாள்.

வெந்நீரில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து போர்வையை விலக்கியபோது, மாமனாரின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சாகப் போகிறவர் கையில் இத்தனை பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நர்ஸ் டயப்பரைப் பிரித்தபோது பொறுத்துக்கொண்டார்; அதன்பின் மருமகள் துணி மாற்றியதெல்லாம் போர்வைக்கு அடியில்தான். இப்போது போர்வை விலகி, துடைக்க வருவது மருமகள் கை.

“விடுங்க மாமா.”

விடவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தார்.

“அண்ணியால முடியல. அவர் வர நாலு மணி ஆகும். அதுவரைக்கும் ஈரத்துலயே கிடப்பீங்களா?”

பிடி இறுகியது. அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும் போல் வலித்தது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“முப்பத்தொரு வருஷம் ஊரு துணியெல்லாம் அலசினீங்களே மாமா. இது யாரோடதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

அவள் துடைத்தாள். பனியன் துண்டு பழகிப்போன துணி, புண்ணில் உரசவில்லை. ஒன்று அழுக்கானால் வாளியில் போட்டு இன்னொன்று. ஈர விரிப்பை உருவி, காய்ந்ததைப் போட்டு, சொரசொரவென்று இருந்த அந்த வெள்ளைத் துணியை உள்ளங்கையில் தேய்த்து இளக்கி அடியில் வைத்தாள். அரை மணி கழித்துக் கையை விட்டுப் பார்த்தாள். துணி ஈரமாகக் கனத்திருந்தது, விரிப்பு காய்ந்திருந்தது. மாற்றினாள். அடுத்த முறையும் அப்படித்தான். நடுக்கம் நின்றுவிட்டது.

ஒரு மணிக்கு மேல் மூச்சு இடைவெளி விட்டு வரத் தொடங்கியது. ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. நாத்தனார் கூடத்தில் போனும் கையுமாகத் தம்பியை விரட்டிக்கொண்டிருந்தாள். “எங்கடா இருக்க? இன்னும் பாலமே தாண்டலையா?”

மாமனாரின் வலது கை போர்வைக்குள் எதையோ தேடியது. துணியின் ஓரத்தைப் பிடித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தது. அவருடைய பழைய பழக்கம்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மேசை விரிப்பை இப்படித் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். தேய்த்துவிட்டு அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

“நீங்க துவைச்சதுதான் மாமா,” என்றாள் அவள். “நான் துவைச்சது ஒழுகிருச்சு.”

அவர் உதடு அசைந்தது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக் குனிந்து காதைக் கொடுத்தாள்.

“வாசனை… கூடாது.”

“சரி மாமா.”

“வெந்நி.” ஒரு மூச்சு விட்டு, இன்னொரு மூச்சு. “ஆறு தடவ.”

பதினோரு நாள் காத்திருந்தவளுக்குக் கிடைத்தது சலவைக் குறிப்பு. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“மாமா, அன்னைக்கு நான் வந்து…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“இந்தா, பேசறான், பேசறான்!” என்று நாத்தனார் ஓடி வந்து போனை அப்பா காதில் வைத்தாள். போனுக்குள் லாரி இரைச்சலோடு மகன் கத்தினான். “அப்பா! பக்கத்துல வந்துட்டேன்ப்பா! கேக்குதாப்பா?”

மாமனார் கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு வந்தது. இரண்டு பேரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். போனுக்குள் மகன் இன்னும், “கேக்குதாப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மணி இரண்டரை.

அவள் சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே நின்றது.

மறுநாள் காலையில் கொண்டுபோனார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான் போட்டுவிட்டார்கள். அடியில் வைத்திருந்த துணியை எடுக்க வேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள். சலவைக்கூடத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றுவிட்டுப் போனார்கள்.

வீடு காலியான பிறகு நாத்தனார் பெரிய குப்பைப் பையில் மாத்திரை, காகித டயப்பர், ஈர விரிப்பு எல்லாவற்றையும் திணித்துக்கொண்டிருந்தாள். வாளியில் ஊறிய துணிகளையும் தூக்கினாள்.

“அதை வைங்க அண்ணி.”

“இதையா? உனக்கென்ன பைத்தியமா? செத்தவருக்குப் போட்டதப் பொறக்கற புள்ளைக்குப் போடுவாங்களா? தம்பிகிட்ட சொல்லி இருபத்து நாலுக்கு நாப்பத்தெட்டா வாங்கித் தரச் சொல்றேன்.”

“துணி திரும்பி வரும்னு சொல்லுவாரே,” என்றாள் மருமகள். வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் அவர் கட்டு அலசி முடிந்தது. கொடியில் பதினொன்று தொங்கின. பிறகு தன் கட்டை எடுத்தாள். பின்கட்டு அடுப்பில் அவருடைய அண்டாவை ஏற்றி, சோடா உப்பு போட்டு, பன்னிரண்டையும் உள்ளே அமுக்கினாள். கொதித்த தண்ணீரில் நுரை நுரையாக வாசனை கிளம்பியது. கணவன் வாசல் படியில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான்.

முதல் தடவை பிழிந்து காயவைத்து ஒரு சொட்டு விட்டாள். உருண்டையாக நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. அதோடு இருட்டிவிட்டது. அடுத்த நாள் காலையில் மூன்றாவது தடவை கொதித்த அண்டாவை இறக்கக் குனிந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து மறு காதைப் பிடித்தது.

“வயித்தத் தூக்கிட்டு இதை வேற தூக்கணுமா? தள்ளு,” என்றாள் நாத்தனார். கண் வீங்கியிருந்தது. “எத்தனாவது?”

“மூணு.”

நாத்தனார் முந்தானையை இடுப்பில் செருகினாள். இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். நாலாவது தடவை சொட்டு கொஞ்சம் தட்டையாகி நின்றது. ஐந்தாவது முடிந்து துணி காய்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. துணி சுருங்கி, சொரசொரவென்று ஆகியிருந்தது. அவள் செம்பில் விரல் விட்டு ஒரு சொட்டு வைத்தாள்.

சொட்டு ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே போய்விட்டது.

“அப்பாடா, குடிச்சிருச்சு,” என்றாள் நாத்தனார். “போதும்மா, எழுந்திரு. வந்து கொஞ்சம் படு.”

மருமகள் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பன்னிரண்டையும் கொடியிலிருந்து இறக்கி, அண்டாவைக் குழாயடியில் தள்ளி, ஆறாவது தடவைக்குத் தண்ணீர் திறந்துவிட்டாள்.