மழைக்கும் எடுக்காத துணி

எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் அரசாங்க அடுக்குமாடியில், தரைத்தள வீட்டிலிருந்து மொட்டைமாடியை ஒட்டிய வீடு வரை எல்லாக் கொடியிலும் துணி காய்ந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. தெருவில் ஓடிய தண்ணீரில் கப்பல் ஒன்று வந்து நங்கூரம் போட்டு வழி கேட்டிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அத்தனை வீட்டிலிருந்தும் ஒரு ஆள்கூட வெளியே வந்து துணியை எடுக்கவில்லை.

என் அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. உலகத்தில் வேறு எது நடந்தாலும் பொறுத்துக்கொள்வாள். காய்ந்த துணி நனைவதை மட்டும் பொறுக்க மாட்டாள். ஜன்னலில் நின்று அவள் விட்ட பெருமூச்சில் சுவரிலிருந்த நாள்காட்டி மூன்று மாதம் முன்னால் போய்விட்டது.

"ஏண்டா, அந்த வீட்டுக்காரங்கள்லாம் எங்க போய்த் தொலைஞ்சாங்க?"

"தூங்குவாங்கக்கா."

"இந்த இடியிலயா? நீ வேலையில இருந்தப்போ தூங்கின மாதிரியா?"

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். தூங்கினேன் என்பது அபாண்டம். என் காலத்தில் டிக்கெட் இல்லாமல் வந்து என்னிடம் மாட்டியவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசையின் வால் கடலைத் தாண்டி அடுத்த கண்டத்தில் நிற்கும். ஒருவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே அவரிடம் டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எதிர்க் கட்டிடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கழிவறைக்குள் ஒளிய நேரம் பார்த்துக்கொண்டு.

மறுநாளும் மழை. துணி அப்படியே தொங்கியது. அதற்கு மறுநாள் ஒரு போர்வை கனம் தாங்காமல் கொடியோடு அறுந்து கீழ் வீட்டுக் கைப்பிடியில் விழுந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மேலே இருந்து போர்வை விழுந்தும் சண்டை இல்லாத அடுக்குமாடி இந்த பூமியில் எங்கே இருக்கிறது?

எங்கள் மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின் போட்டிருக்கும் தையல்காரம்மாவிடம் போய் விசாரித்தேன். அவருக்கு அந்தக் கட்டிடத்தைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அவர் குடியிருந்த வரிசை வீடுகளை இடித்தபோது, பதிலுக்கு இந்த அடுக்குமாடியில் இடம் தருகிறோம் என்றுதான் வீட்டு வசதித் துறை வாக்குக் கொடுத்தது. அந்த வரிசைக்காரர்கள் எல்லோரும் இப்போது பஸ் நிற்காத பழைய பஸ் நிறுத்தத்தில் படுத்துக்கொண்டிருக்கிறார்கள். தையல்காரம்மாவும் அவருடைய அப்பாவும் அங்கேதான்.

"யாரு சார் அங்க இருக்காங்கன்னு எனக்கென்ன தெரியும்? போனப்பல்லாம் வீடு எல்லாம் நிரம்பிடுச்சுன்னு சொல்லி அனுப்பறாங்க," என்றார், மிஷினை நிறுத்தாமல். "இப்ப அந்த பஸ் நிறுத்தத்தையும் மாசக் கடைசியில இடிக்கறாங்களாம். காப்பகத்துக்குப் போங்கன்றாங்க. ஆம்பளைங்க காப்பகம் ஊருக்கு அந்தக் கோடி. பொம்பளைங்களுக்கு இந்தக் கோடி."

"அப்போ அப்பா?"

அவர் மிதிப்பதை நிறுத்தினார். அப்பாவுக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது. பக்கத்தில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து பித்தான்களைத் தடவித் தடவி அளவு பிரித்துக்கொண்டிருந்தார்.

"தட்டுல என்ன இருக்குன்னே நான் சொன்னாத்தான் அவருக்குத் தெரியும். அந்தக் கோடியில யாரு சொல்லுவா?"

நான் அக்காவின் குடையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். கடந்தேன் என்பது சும்மா, நீந்தினேன்.

அடுக்குமாடியின் வாட்ச்மேன் வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடிக்காத குறைதான். பேச ஆள் கிடைக்காமல் மனிதருக்கு வாய் துருப்பிடித்திருந்தது. நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார்.

"துணி நனையுதேன்னு சொல்ல வந்தேன்," என்றேன்.

"நனையட்டும் சார். மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன். எடுன்னு யாரும் சொல்லலையே."

"யாரு துணி?"

"வீட்டு வசதித் துறைப் பொறியாளர் சார் கார்ல போட்டு எடுத்துட்டு வந்தார். பாதி அவங்க வீட்டுப் போர்வை. அவங்க வீட்டம்மா தேடிட்டு இருக்காங்களாம், நீங்க வெளிய சொல்லிடாதீங்க. பெரிய ஆணையரம்மா இந்த வழியா கார்ல போகப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. பார்த்தா வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி தெரியணுமாம்."

"ஆள் இருக்கிற மாதிரியா? அப்போ ஆள்?"

"நான்தான் சார் ஆள்," என்றார் பெருமையாக. "சாயங்காலம் ஒவ்வொரு வீடா ஏறி லைட்டு போடுவேன். மேல போய்ச் சேர்றதுக்குள்ள கீழ அணைக்கிற நேரம் வந்துடும். திரும்ப அணைச்சிட்டே இறங்குவேன். என் முட்டியப் பாருங்க."

முட்டியைப் பார்த்தேன். தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. இரண்டு தேங்காய் என்றுகூடச் சொல்லலாம். ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான். குடிநீர் வாரியம், ஆள் குடியிருக்கும் கட்டிடத்துக்குத்தான் தண்ணீர் இணைப்புக் கொடுக்கும். வீட்டு வசதித் துறை, தண்ணீர் வரும் கட்டிடத்தில்தான் ஆட்களைக் குடிவைக்கும். நீ முதலில் கொடு, நீ முதலில் வை என்று இரண்டு அலுவலகமும் மாறி மாறி வாசலைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன.

"கடைசியில என்னதான் பண்ணாங்க?"

"மேலிடத்துல கேட்டாங்கல்ல? தண்ணி குடுத்தாச்சுன்னு அவங்க சொல்லிட்டாங்க. ஆள் வெச்சாச்சுன்னு இவங்க சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கமும் வேலை முடிஞ்சுது."

எனக்கு இதைக் கேட்டதும் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஒரு ரயில் பெட்டி முழுக்க டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. திரும்பி வந்து அக்காவிடமும் தையல்காரம்மாவிடமும் ஒரு சொல் விடாமல், சில சொற்களைச் சேர்த்தும், ஒப்பித்தேன்.

தையல்காரம்மா சிரிக்கவில்லை. "அப்போ எங்க வீட்டுல இப்ப யாரு சார் இருக்கா?"

"நாலு போர்வையும் ஒரு சட்டையும்," என்றேன். சொன்ன பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொறியாளர் எங்கள் கட்டிடத்துக்கே வந்து கதவைத் தட்டினார். சின்ன வயது. தொப்பலாக வியர்த்திருந்தார், பிழிந்தால் ஒரு குடம் தேறும். ஆணையரம்மா காரில் அப்படியே போகப் போவதில்லையாம். இறங்கி, மாடி ஏறி, வீட்டுக்குள் வந்து, குடியிருப்பவர்களிடம் பேசப் போகிறாராம். நாளைக் காலை. தன் அலுவலகத்தாரையும் அவர்களுடைய மாமனார் மாமியாரையும் பிடித்துப் போட்டும் ஆள் போதவில்லை என்றார்.

"ஒரு நாள்தான் சார். காலையில வந்து உக்காந்தா மத்தியானம் கிளம்பிடலாம். எவ்வளவு நாளா இருக்கீங்கன்னு கேட்டா ஒரு வருஷமான்னு சொல்லணும். திருப்தியான்னு கேட்டா திருப்தின்னு சொல்லணும்."

"போர்வை எல்லாம் காய்ஞ்சுதாப்பா?" என்றாள் அக்கா.

அவர் முகம் வெளுத்தது. அக்கா விட்டுவிட்டாள்.

"நாங்க வரோம். ஆனா நாங்க ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரங்களா நிக்கறோம். குடும்பம்னா ஒரு பொண்ணும் அவங்கப்பாவும் கீழ இருக்காங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போ. அச்சு அசலா வீடு இல்லாதவங்க... தப்பு, வீடு இருக்கிறவங்க மாதிரியே இருப்பாங்க."

தையல்காரம்மா முதலில் மாட்டேன் என்றார். பிறகு எதிர்க் கட்டிடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். மறுநாள் காலை, தையல் மிஷினையும் மூட்டைகளையும் வாட்ச்மேனும் நானும் மாடி ஏற்றினோம். மிஷின் ஒரு யானைக் குட்டியின் கனம் இருந்தது. பொறியாளர் பதறிக்கொண்டு வந்தார்.

"மிஷினெல்லாம் எதுக்கும்மா? சும்மா உக்காந்தா போதும்."

"மிஷின் இல்லாம நான் எப்படி தம்பி ஒரு வருஷமா இருந்திருப்பேன்?"

அவருக்கு அதில் இருந்த நியாயம் பிடித்துவிட்டது. எங்கே வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அவரே யோசனை சொன்னார்.

ஆணையரம்மா வந்தார். நான் எதிர்பார்த்தது ஒரு மலை; வந்தது ஒல்லியான, குட்டையான, மூச்சு வாங்காமல் மாடி ஏறிய ஒரு அம்மா. பின்னால் பொறியாளர். அவருக்குப் பின்னால் குடிநீர் வாரியத்து அதிகாரி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. நானும் அக்காவும் பக்கத்து வீட்டுக்காரர்களாக, ஏதோ கடன் வாங்க வந்தவர்கள் போல வாசற்படியில் நின்றோம்.

"எவ்வளவு நாளா இருக்கீங்க?"

"ஒரு வருஷமா மேடம்," என்றார் தையல்காரம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

பொறியாளர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"வீடு திருப்தியா?"

"வீடு ரொம்பத் திருப்தி மேடம். தண்ணி மட்டும்தான் இன்னும் ஒரு நாள்கூட வரல."

பொறியாளர் மறுபடி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு அதை வெளியே விட்டதை நான் பார்க்கவில்லை. ஆணையரம்மா குடிநீர் வாரியத்து அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்? இங்கே ஆளே இல்லை என்று சொன்னால், ஆள் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொன்னாய் என்று கேட்பார்கள்.

"விட்டு விட்டு வரும் மேடம்," என்றார்.

ஆணையரம்மா நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. வயதான ஆள் மாதிரி நீளமாக ஒரு இருமல். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு சிலந்தி, வீட்டின் உண்மையான சொந்தக்காரர் போல, நிதானமாக இறங்கி வந்தது.

எல்லோரும் சிலந்தியையே பார்த்தோம். அப்பா மட்டும் சுவரைத் தடவிக்கொண்டு உள் அறைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார். ஆணையரம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, உங்க ரூம் எது?"

"இன்னும் தடவிப் பார்த்து முடிக்கலம்மா," என்றார் அப்பா. "வாசல் வரைக்கும் வந்துட்டேன்."

தையல்காரம்மாவின் கையில் ஊசி நின்றது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். நான் ஆணையரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். தூங்குகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைக் கண்டால், பரிசோதகர் அடுத்த இருக்கைக்குப் போவதற்கு முன் ஒரு நொடி நிற்பார். அந்த முகம். நானாகக் கற்பனை செய்துகொண்டேனோ என்னவோ, இன்று வரை எனக்கு அது புரியாத புதிர்.

"அடுத்த மாசம் வருவேன்," என்றார் பொறியாளரிடமும் வாரியத்து அதிகாரியிடமும் சேர்த்து. "எல்லா வீட்டுக்கும் போய் நானே குழாய் திறந்து பார்ப்பேன். தண்ணி வரணும். வீட்டுக்காரங்க வீட்டுல இருக்கணும். இன்னைக்குப் பேசினேனே, இந்த அம்மா இங்கயே இருக்கணும்."

கார் போனதும் அலுவலகத்தார் குடும்பங்கள் கட்டிடத்திலிருந்து கொட்டின. ஒரு மாமியார், இனி செத்தாலும் இந்த மாடி ஏற மாட்டேன் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டு போனார். பொறியாளர் எங்களிடம் வந்தார்.

"அம்மா, முடிஞ்சுது. கிளம்பலாம்."

"எங்க தம்பி கிளம்பறது? ஒரு வருஷமா இங்கதானே இருக்கோம்."

"விளையாடாதீங்கம்மா."

"நான் இங்க இருந்ததே இல்லன்னு உங்க ஆணையரம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. கூட நானும் வரேன். சொல்லி முடிச்சதும் போயிடறேன்."

அக்கா ஒரு மூட்டையை நகர்த்தி பொறியாளருக்கு உட்கார இடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார்.

"தண்ணியே இல்லாம எப்படிம்மா இருப்பீங்க?"

"பஸ் நிறுத்தத்துல மட்டும் குழாயா இருந்துச்சு?"

"சரி, தண்ணி வந்துடும். வாரியத்துக்காரரு என்னைவிடப் பயந்துட்டுப் போறார், நாளைக்கே தோண்ட ஆரம்பிச்சுடுவார்." பொறியாளர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். "மத்த வீட்டுக்கெல்லாம் நான் யாரைக் கொண்டு வந்து வைப்பேன்? என் மாமியாரே வர மாட்டேன்னுட்டாங்க."

அப்படியென்றால் தெருவையே கூப்பிட்ட அந்தக் குரல் அவருடைய மாமியாருடையதா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என் காலை மிதித்தாள்.

"எங்க வரிசைக்காரங்க எல்லாம் அந்த பஸ் நிறுத்தத்துலதான் தம்பி இருக்காங்க," என்றார் தையல்காரம்மா. குரலில் கெஞ்சல் இல்லை, எகத்தாளமும் இல்லை. "நீங்க வாக்குக் குடுத்த ஆளுங்கதான். புதுசா யாரையும் தேட வேணாம். போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

பொறியாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பழைய பஸ் நிறுத்தம் அங்கிருந்து தெரியாது, ஆனாலும் பார்த்தார்.

உள் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. நான்கு சுவரையும் முடித்துவிட்டார் போலிருக்கிறது.

"கூப்பிடறதுக்கு முன்னாடி யாருக்கு எந்த மாடின்னு கேட்டுக்கம்மா. நம்ம வரிசைக் கொத்தனார் பொண்டாட்டி நிறைமாசம். அவளை மாடி ஏற வைக்காதீங்க. கீழ் வீட்டைக் குடுக்கச் சொல்லு."

பொறியாளர் இடுப்பிலிருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்தார். ஒரு சிறையையே பூட்டும் அளவுக்குச் சாவி அதில். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றைக்கூட இதுவரை எந்த வீட்டுக்காரருக்கும் கொடுத்ததில்லையே, அவருக்கு எது எந்த வீட்டுடையது என்று எப்படித் தெரியும்?

"வாட்ச்மேன்," என்று கூப்பிட்டார். "கீழ் வீட்டுச் சாவி இதுல எதுய்யா?"