நாற்காலியின் நாலாவது கால்

சிங்காரத்தை வீட்டிலிருந்து ஏரிக்கரைக்குக் கொண்டுபோக நாலு ஆள் வேண்டும். மூன்று பேர் போதும் என்று ஒரு தடவை வீம்பு பிடித்தவர்கள் அவரை நாற்காலியோடு சேற்றில் உட்கார வைத்துவிட்டு வந்தார்கள். ஆள் முன்பெல்லாம் அவ்வளவு கனம் இல்லை. ஏரியில் வலை போடும் முறை வராத நாட்களில் மீஞ்சூர் பக்கம் ஒரு இரும்புக் கிடங்கில் வேலை பார்த்தார். அங்கே சங்கிலி அறுந்து உத்திரம் வலது காலில் விழுந்த பிறகு, படுத்துக்கொண்டே தின்று ஊதிவிட்டார். காலுக்குள் கம்பி, வெளியே கட்டு. வாய்க்கு மட்டும் ஒரு சேதாரமும் இல்லை.

இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் பாதம் தரையில் பதியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு இழப்பீடு வந்தாக வேண்டும். கம்பெனியோ, ஆள் நன்றாகத்தான் நடமாடுகிறார், நொண்டுவது நடிப்பு என்று தொழிலாளர் அலுவலகத்தில் பதில் மனு போட்டிருந்தது. அதைக் கேட்டதிலிருந்து அவர் மனைவி வேலம்மாவுக்கு வயிறு எரிந்தது. நடிப்பாம். குழம்பு நன்றாக இருக்கிறது என்று பொய்க்குக்கூட ஒரு நாள் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன்.

நடக்க முடியாதவருக்கு ஏரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த மீனவக் குப்பத்தில் வலை போடுவது முறை வைத்துத்தான். அவரவருக்கு ஒரு நாள் வரும், அதுதான் பாடு. பாடுக்காரர் தானே வந்து, வலை தண்ணீரில் இறங்கும்போது கயிற்றைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் போதும், மற்றவர்கள் பாடுபட்டு மீனை அவர் வீட்டில் சேர்த்துவிடுவார்கள். தொடவில்லை என்றால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கால் போனாலும் பாடு போகக் கூடாது என்று குப்பத்துத் தலைவர் தங்கவேலுவே நாற்காலியின் முன்காலைப் பிடிக்க வந்துவிடுவார்.

அன்றைக்கு மூன்று பேர் வந்துவிட்டார்கள். நாலாவது ஆள் பொன்னேரியில் ஏதோ கல்யாணம் என்று கம்பி நீட்டிவிட்டான். வேலம்மா கரையைப் பார்த்தாள். பளபளவென்று ஷூ போட்ட ஒரு பையன் போனும் கையுமாக நின்றிருந்தான்.

“யாரு தம்பி நீ?”

“கம்பெனியில இருந்து வரேன்க்கா. ரஞ்சித்குமார். அண்ணன் எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க.”

வேலம்மாவுக்கு மனசு இளகிப்போனது. இத்தனை நாள் கழித்தாவது விசாரிக்கத் தோன்றியதே.

“பாக்கறது இன்னா, தூக்கியே பாரு. அந்தப் பின்கால புடி நைனா, ஒரு ஆளு கொறயுது.”

அவன் திருதிருவென்று விழித்தான். கரையில் சும்மா நிற்கிற கையைக் குப்பத்தில் யாரும் விட்டுவைப்பதில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கத்து இடது காலைப் பிடித்தான். சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது. சிங்காரம் மேலே ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, “இந்தப் பக்கம் சாயுது பாரு, சோறு துன்னியா இல்லியா?” என்று அவனை விரட்டினார். பாதி வழியில் சேறு அவனுடைய ஒரு ஷூவை வாங்கிக்கொண்டது.

படகில் நாற்காலியை இறக்கினார்கள். வலை இறங்கியது, சிங்காரம் கயிற்றைத் தொட்டார். அப்போதுதான் ரஞ்சித்குமார் போனை எடுத்தான். வீடியோ என்றதும் நம் ஆளுக்குக் குஷி வந்துவிட்டது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வேலம்மா வீட்டில் இருந்த இறாலை ஒரு பையில் கட்டிக் கொடுத்து, ஒற்றை ஷூவோடு அவனை வழியனுப்பி வைத்தாள். பிற்பாடு நண்டு பிடிக்கப் போன இடத்தில் அந்த ஷூ அவள் காலில் தட்டுப்பட்டது. கழுவிக் காய வைத்தாள். விசாரணை நாளில் பையனைப் பார்த்தால் கொடுத்துவிடலாம் என்று கூடவே எடுத்துப் போனாள்.

அலுவலகம் மாடியில். தங்கவேலுவும் படகு ஆட்களும் மூச்சு வாங்க அவரை மேலே ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் அதிகாரி அம்மாவிடம் போனை நீட்டினார். இடுப்புக்கு மேலே சிங்காரம், கையில் கயிறு, வாயெல்லாம் சிரிப்பு.

“கால் சரியா இருக்கறதாலதானே மேடம் படகேறி வலை போடறார்?”

“படகுல எப்படி ஏறினீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“தூக்கினு போனாங்கம்மா.”

“யாரு?”

“எங்க ஊரு ஆளுங்கதான்.”

வக்கீல் சிரித்தார். “அவங்க ஊர்க்காரங்க அவங்களுக்குத்தான் மேடம் சாட்சி சொல்வாங்க.”

வேலம்மா கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். ஆபரேஷன் போயிற்று, அந்தப் பாதம் இனி தரையில் படப்போவதில்லை. வக்கீலுக்குப் பின்னால் ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். காலில் புது ஷூ. இந்தப் பாவிக்கு இறால் வேறு கொடுத்தோமே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. எழுந்து போய், பையிலிருந்த ஷூவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“உன்னுதுதான தம்பி? அவர தூக்கினு போசொல்ல சேத்துல உட்டியே. கழுவி வச்சிகீறேன், எடுத்துக்க.”

வக்கீல் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையமர்த்தினார். “நீங்க சொல்லுங்க தம்பி. அவர் நடந்து போனாரா?”

ரஞ்சித்குமார் ஷூவைப் பார்த்தான். என்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வேலம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல மேடம். நாலு பேரு தூக்கிட்டுப் போனோம். பின்பக்கம் இடது கால் நான். தோள்பட்டை இன்னும் வலிக்குது.”

“டூட்டில வந்த வலிதான நைனா,” என்றார் சிங்காரம். “நீயும் ஒரு மனு போட்டு வை.”

அதிகாரி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் சொன்னதை எழுதி, கையெழுத்தும் வாங்கினார். பிறகு வக்கீலைப் பார்த்து, “கம்பெனி இழப்பீடு கட்டியாகணும், ஆபரேஷனையும் தள்ளிப்போடக் கூடாது,” என்றார். வேலம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள்.

இறங்கும்போது பின்பக்கத்து இடது காலைப் பிடிக்க ஒருவன் வந்து நின்றான். மேலே வக்கீல் அவன் பெயரைச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்.

“வேல போயிடும் தம்பி,” என்றாள் வேலம்மா.

“தெரியும்க்கா.”

புது ஷூ இரண்டையும் படியோரம் கழற்றி வைத்துவிட்டு, அவன் குனிந்து நாற்காலியைத் தூக்கினான். மூன்று ஷூவையும் பையில் போட்டுக்கொண்டு வேலம்மா பின்னாலேயே இறங்கினாள்.