எம்பத்தாறு குடும்பமும் ஒரு ஃபொன்டும்

கட்டுகஸ்தோட்டையில கம்ப்யூட்டர் வேகமாகணும்னா சுதேஷ்கிட்ட போன்னு சொல்லுவாங்க. அந்த சுதேஷ் நான்தான். சும்மா ஒண்ணும் சொல்லல. எங்க பக்கத்துக் கடைகள்ல ஒரு மெஷினைக் குடுத்தா, குடுத்தவர் மனசு நெறையணும்னு கண்டதையும் போட்டு அனுப்புவாங்க. மூணு வைரஸ் தடுப்பு, நாலு பாட்டு பிளேயர், யாருமே தொறக்காத டிசைன் சாமான். ஸ்கிரீன் நெறைய ஐகன் இருந்தாத்தான் நம்ம ஆளுகளுக்கு நல்ல ரிப்பேர். நான் நேர் மாறு. எடுக்கிறதுதான் என் தொழில். கம்பனிக்காரனே ஒட்டி அனுப்புற கேம், வானிலை, செய்தி, கேக்காமலே பேசுற குரல், எல்லாத்தையும் வேரோட பிடுங்கிருவேன். அழிச்ச இடத்தையும் துடைச்சிருவேன், மறுபடி தலை தூக்கவே முடியாது.

போன மாசம் ஒரு காலையில ஹந்தானையிலேருந்து ராஜகுமாரி அக்கா லெப்டொப்பைத் துணிப்பையில சுத்திக் கொண்டு வந்தாங்க. தேயிலைத் தோட்டத்து வீட்டுச் சங்கத்துக்குச் செயலாளர் அவங்க. எம்பத்தாறு குடும்பத்துக்கு வீடு கட்டக் காணி கேட்டு எழுதின பேர்ப் பட்டியல் அதுக்குள்ள இருக்கு. அன்னிக்குப் பின்னேரம் நாலு மணிக்குள்ள அரசாங்கக் கந்தோர்ல பிரிண்ட் குடுக்கணும், விட்டா அடுத்த தடவை எப்பன்னு யாருக்கும் தெரியாது. மெஷினோ தொறக்கவே அரை மணித்தியாலம் எடுக்குது, பட்டியலைத் தொட்டா அப்படியே நின்னுருது. ஃபைல் ஒண்ணும் போயிரக் கூடாது தம்பின்னாங்க. உங்க ஃபைல் ஒண்ணுலயும் கை வைக்க மாட்டேன்னேன். சொன்ன மாதிரி வைக்கவும் இல்ல.

உள்ள பார்த்தா குப்பைன்னா குப்பை, ஒரு லொறி கொள்ளும். பிடுங்கப் பிடுங்க எனக்கு உற்சாகம். கடைசியில ஃபொன்ட், அதாவது எழுத்து வடிவம், ஆயிரத்து நானூறு கெடந்துச்சு. எந்த மனுசனுக்குய்யா ஆயிரத்து நானூறு? மெஷினோட வந்ததை மட்டும் வச்சுட்டு மிச்சத்தைத் துடைச்சேன். மத்தியானம் மெஷின் இருபது செக்கன்ல தொறந்துச்சு. இப்ப பாருங்கன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு அக்கா பக்கம் திருப்பினேன்.

அக்கா பட்டியலைத் தொறந்தாங்க. ஒரு தமிழ் எழுத்து இல்ல. இங்கிலீஷ் எழுத்தும் கொமாவும் அடைப்புக்குறியுமா பக்கம் பக்கமாக் கெடக்குது. அடையாள அட்டை நம்பர் மட்டும் ஒழுங்காத் தெரியுது. பழைய மாதிரி தமிழ் அடிச்ச ஃபைல்ல உள்ளுக்குள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துத்தான். ஃபொன்ட்தான் அதுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டும். அந்த முகத்தை நான் துடைச்சுட்டேன்.

இணையத்துல எறக்கிப் போட்டுரலாம்னு துள்ளினேன். இருபது ஃபொன்ட் போட்டுப் பார்த்தேன், எல்லாத்துலயும் பாதி எழுத்து உளறுது. அப்பதான் அக்கா விசயத்தைச் சொன்னாங்க. அந்த ஃபொன்ட் மடவளை ஊரு முனாப் நானா தன்னோட அச்சுக்கூடத்துக்குன்னு தானே மாத்திச் செஞ்சது. அச்சுக்கூடம் மூடி, நானாவும் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து, அது மிஞ்சியிருந்தது இந்த ஒரு மெஷின்லதான். மணி ஒண்ணே முக்கால். அக்கா திட்டியிருந்தாலாவது பரவாயில்ல.

அக்கா கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்துல போட்டு உக்காந்தாங்க. ரெண்டு கையையும் மேசை விளிம்புல வச்சாங்க. ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே வெரலை ஒவ்வொண்ணா அசைச்சாங்க.

"நீங்க வேற கம்ப்யூட்டர்ல புது யூனிகோட் முறையில அடிங்க தம்பி. நான் வாசிக்கிறேன்."

அதிர்ச்சியில அக்காவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்தே போயிட்டேன். அக்கா வாசிச்சாங்க. அழகமுத்து, மனைவி சுப்பம்மா, மூணாம் லயம். முனாப் நானாகிட்ட பன்னெண்டு வருசம் டைப் அடிச்ச கை. எந்த விசையை அமுக்கினா எந்த எழுத்துன்னு வெரலுக்குத் தெரியும். கண்ணு இங்கிலீஷைப் பார்க்குது, வெரல் மேசையில அடிக்குது, வாயில தமிழ் வருது. சோதிக்கிறதுக்கு ஒரு பேரை மறுபடி கேட்டேன். ஒரு எழுத்து பிசகல. அதுக்கப்புறம் வாயை மூடிக்கிட்டு அடிச்சேன்.

அறுபத்தோராவது பேர் கணேஸ், மனைவி யசோதினி. கொழும்புக்குப் போய் நாலு வருசமாச்சு, லயத்து வரிசை வீட்டுல அவங்க காம்பரா பூட்டியே கெடக்குன்னு அக்காவே சொன்னாங்க. என் கை சும்மா இருக்குமா? ஆளே இல்லியே அக்கா, எடுத்துருவமா, கந்தோர்ல கேள்வி வராதுல்லன்னு கேட்டுட்டேன்.

அக்கா வெரல் நின்னுச்சு.

"அவங்க பொழைக்கப் போயிருக்காங்க தம்பி. ஊரு இதுதான். அடிங்க."

அடிச்சேன். மூணு இருபதுக்குப் பிரிண்ட் எடுத்து, த்ரீவீலர் பிடிச்சு, நானும் கூடவே போனேன். நாலுக்குப் பத்து நிமிசம் இருக்கிறப்ப எல்லாத் தாள்லயும் முத்திரை விழுந்துச்சு. வெளிய வந்தா அக்கா போன் அடிக்குது. கொழும்பிலேருந்து கணேஸ். நாலு மணிதான் கடைசின்னு தெரிஞ்சு எடுத்திருக்கார். அக்கா போனை என் கையில குடுத்து, நீங்களே சொல்லுங்கன்னாங்க.

"அண்ணே, எங்க பேரும் இருக்கா?"

இருக்கு, அறுபத்தொண்ணுன்னேன். யசோதினி பக்கத்துல இருக்கு, அதுக்கும் கேக்கட்டும், இன்னொரு தடவை சொல்லுங்கன்னார். அறுபத்தொண்ணு, கணேஸ், யசோதினின்னு சத்தமாச் சொன்னேன்.