குரூப்பாப் படிக்கிறோம்

துணியை இஸ்திரி போடும் உருளை இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வந்த விரிப்பின் இரண்டு மூலைகளை மடிப்பக்கா பிடித்தாள். எதிரே நின்ற பெரியக்கா மற்ற இரண்டையும் பிடித்தாள். ஓர் உதறல், மூன்று மடிப்பு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக மடிப்பக்காவுக்கு இதே வேலை. ஓரத்தோடு ஓரம் நூல் பிசகாமல் சேர்ப்பாள் என்பதால் வந்த பெயர் அது.

"என்னடி, மூஞ்சி இஸ்திரி போடாத துணி மாதிரி இருக்கு?" என்றாள் பெரியக்கா.

"எம் பொண்ணு நோட்டுல மூணு வாரமா ஒரு எழுத்து இல்லக்கா. கேட்டா, 'இப்ப புது முறைம்மா, குரூப்பாப் படிக்கிறோம்'ங்கறா."

"புது முறையா? டீச்சருங்க கை வலிக்கக் கூடாதுன்னு கண்டுபிடிச்சிருப்பாங்க."

மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் விடுதிப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. தேறிவிட்டால் மகளுக்குச் சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் படிப்பு முடியும்வரை அங்கேயே. தேறாவிட்டால் என்ன என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து உருளைக்குள் ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பதினெட்டு வயது. மணிக்கட்டில் அதற்குள் இரண்டு சூட்டுத் தழும்பு.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. வாயாடி என்று வீட்டில் பெயரெடுத்த பிள்ளை, சாயங்காலமானால் தொண்டை கட்டித் திரும்புகிறது. உட்கார்ந்து பாடம் கேட்கிற பிள்ளைக்கு எதற்குத் தொண்டை கட்டும்? பொழுதன்றைக்கும் கூச்சலும் கும்மாளமும்தான் என்று முடிவு கட்டினாள்.

அவளுடைய வார விடுமுறை புதன்கிழமை; அன்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள்: 'பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியர்.'

"அப்ப டீச்சர் எதுக்காம்?" என்று முணுமுணுத்தாள்.

வரிசையாக மூன்று அறைகள். கடைசி அறையில் தரைவிரிப்பில் இருபதுக்கும் மேல் பொடிசுகள். அவர்களுக்கு முன்னால் கையில் சாக்பீஸோடு அவள் மகள்.

"அஞ்சும் மூணும் எத்தனை? ஏய், பின்னாடி! சத்தமா!" குரல் பாதியில் உடைந்தது. ஒரு பொடிசுக்கு மூக்கு ஒழுகியது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி கத்தினாள். அம்மாவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முழங்கைவரை சாக்பீஸ் தூளோடு நடு அறையிலிருந்து டீச்சர் ஓடிவந்தார்.

"எம் பொண்ணு படிக்க வர்றாளா, வேலைக்கு வர்றாளா டீச்சர்?"

டீச்சர் கோபப்படவில்லை. "ரெண்டு பேரு மாத்தலாகிப் போயி ஒரு வருஷமாச்சும்மா. மூணு அறைக்கும் நான் ஒருத்திதான். பிள்ளைங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிறது நல்ல முறைதான், கூட ஒரு டீச்சர் நின்னா. ஆள் கேட்டு எழுதினா, 'புது முறைல பிள்ளைங்களே பாத்துக்குவாங்க'ன்னு பதில் வருது."

"அதுக்கு எம் பொண்ணுதான் கிடைச்சாளா?"

"அவ நல்லாச் சொல்லித் தர்றாம்மா." சொல்லிவிட்டு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மேசையில் அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. மணி இரண்டரை.

கொண்டுவந்த சண்டையை எங்கே இறக்கிவைப்பது என்று மடிப்பக்காவுக்குத் தெரியவில்லை. டப்பாவை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல நீங்க ரெண்டு வாய் சாப்பிடுங்க. பொடிசுங்கள நான் பாத்துக்கறேன். அப்புறமா இவள உக்கார வெச்சு, அடுத்த மாசப் பரீட்சைக்கு வர்ற பின்னக் கணக்கச் சொல்லிக்குடுங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, பாடம் நடத்த அவளுக்கு என்ன தெரியும்? மூலையில் கிடந்த பழைய செய்தித்தாள்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். "ஓரத்தோட ஓரம் சேக்கணும். யாருது கோணலோ அவங்க என் ஆஸ்பத்திரிக்கு வந்து துணி மடிக்கணும்." பொடிசுகள் சிரித்தன. ஒரு மடிப்பு, இரண்டு கட்டம். இன்னொரு மடிப்பு, நாலு கட்டம். கூச்சல் அடங்கி, தாள் மடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வராந்தா பெஞ்சிலிருந்து மகளின் குரல். பாடம் சொல்லும் குரல் இல்லை, சந்தேகம் கேட்கும் குரல். "கீழ இருக்கிற எண்ணு வேற வேறயா இருந்தா எப்படி டீச்சர் கூட்டுறது?" மடிப்பக்கா கையிலிருந்த தாளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஆண்டவனே, இந்த ஒரு மணி நேரம் நிலைக்கட்டும்.

அரை மணி நிலைத்தது. பள்ளியைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடடா! செயல்வழிக் கல்வி! இதைத்தானே நாங்க தலைபாடா அடிச்சுக்கறோம்!" கைப்பேசியை எடுத்து ஏழெட்டுப் படம் பிடித்தார். "அம்மா, கொஞ்சம் சிரிங்க. வாரத்துல எத்தனை நாள் வருவீங்க?"

"எனக்கு லீவே ஒரு நாள்தாங்க சார். அதுல வீட்டு வேலை கிடக்கு. இங்க ஒரு டீச்சரப் போட்டுக் குடுங்க சார்."

"ரொம்ப சந்தோஷம்மா. உங்கள மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும்." படிவத்தில் ஏதோ எழுதி, டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் வாய்க்குள்ளேயே படித்தது மடிப்பக்காவுக்கும் கேட்டது. "கூடுதல் ஆசிரியர் தற்போது தேவையில்லை. பெற்றோரே கற்பிக்கின்றனர்." டீச்சர் நிமிர்ந்தார். "சார், அவங்க இன்னைக்கு ஒரு நாள்தான்..."

"போகப் போக நாள் கூடும் மேடம். இங்க ஒரு கையெழுத்து."

அவருடைய வண்டி திரும்பிப் போனது. கவனிக்க ஆளில்லாத நடு அறையில் யாரோ அழுதார்கள், பெஞ்சு ஒன்று சரிந்து விழுந்தது. மணி அடித்தது. டீச்சர் பெரிய பிள்ளைகள் இருந்த முதல் அறைக்குள் போனார். மடிப்பக்கா பொடிசுகளிடம் திரும்பினாள். யாரும் சொல்லாமலே மகள் வராந்தா பெஞ்சிலிருந்து எழுந்து, சாக்பீஸை எடுத்துக்கொண்டு நடு அறைக்கு நடந்தாள்.