தோளில் கிடக்கும் கை

எங்கள் பள்ளிக்கூடக் கேற்றுக்கு மேலே ஒரு பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். 'சாதாரண தரப் பரீட்சையில் நூறு வீதச் சித்தி' என்று சிவப்பு எழுத்து. ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் அதிபரின் தலை. எங்கள் பதினெட்டுத் தலைகளையும் சேர்த்து உருட்டினாலும் அந்தத் தலையளவு வராது. நடுவில் எங்கள் வகுப்புப் படம். அதில் இடது பக்கக் கடைசியில் நிற்பவள் நான், விதுர்ஷா. என் வலது தோளில் ஒரு கை கிடக்கிறது. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு நூல். கை மட்டும்தான். கைக்காரியைக் காணவில்லை, வெட்டிவிட்டார்கள்.

அதைப் பார்த்த அன்றைக்கு வந்த கோபத்துக்குப் பதாகையை இழுத்துக் கிழித்திருப்பேன். எட்டவில்லை.

அந்தக் கை யசோதினியுடையது. முதலாம் ஆண்டில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே வாங்கில் இருத்தினார்கள். பதினோராம் ஆண்டு வரைக்கும் அவள் என் பக்கத்தில் இருந்து எழும்பவில்லை. அவளுடைய வீடு படுவான்கரையில், அதாவது வாவிக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் எழுவான்கரையில், இந்தப் பக்கம். இடையில் தண்ணீர். தண்ணீரைக் கடக்க ஒரு இயந்திரப் படகு ஓடுகிறது. மோட்டார் சைக்கிள், ஆட்டுக்குட்டி, நெல்மூட்டை, உத்தியோகத்தர், எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வரும் அந்தத் தட்டைப் படகை எங்கள் ஊரில் 'பாதை' என்றுதான் சொல்வோம். பாதை ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆள் நிரம்பினால்தான் வெளிக்கிடும். வெளிக்கிட்டாலும் நடுவில் ஆற்றுவாழைச் செடி இயந்திரத்தில் சிக்கும். காற்று மாறினால் சுற்றிக்கொண்டு வரும்.

இது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் எங்கள் வகுப்பாசிரியை கிளாறிஸ் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். டவுனில் இருந்து வருகிற பறங்கி மனுசி, ஆங்கிலம் படிப்பித்தவர். காலையில் வரவு இடாப்பைத் திறப்பார், ஆனால் பேனை எடுக்கமாட்டார். பாதையின் ஹோர்ன் கேட்கும்வரை எங்களை ஏதாவது வாசிக்க வைப்பார். ஹோர்ன் கேட்டு, யசோதினி மூச்சு வாங்க வாசலில் வந்து நின்ற பிறகுதான் பெயர் கூப்பிடுவார். எந்தப் பெற்றோரும் அதற்காக முறைப்பாடு எழுதவில்லை. எந்தப் பாடமும் அதனால் கெட்டுப்போகவில்லை.

யசோதினி அள்ளிக் கொட்டும் கெட்டிக்காரி என்று நான் பொய் சொல்லமாட்டேன். கணக்கில் திக்குவாள், சரித்திரத்தில் ராசாக்களை மாற்றி எழுதுவாள். ஆனால் எல்லே விளையாட்டில் அவள் துடுப்பைப் பிடித்தால் பந்து மதில் தாண்டி வாவிக்குள் விழும். வலய மட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடம் ஒரே ஒரு தரம் வெற்றிக் கிண்ணம் எடுத்தது, அது அவளால் வந்தது. கிண்ணம் இன்றைக்கும் அதிபரின் அறை அலுமாரியில் இருக்கிறது. கிண்ணத்தை அவர் வெளியே அனுப்பவில்லை.

இந்த அதிபர் நாங்கள் பதினோராம் ஆண்டுக்கு வந்தபோது மாற்றலாகி வந்தவர். டவுனில் வீடு, வீட்டு வாசலில் தார் றோட்டு. வந்த முதல் கிழமையே சட்டம் போட்டார். ஏழரைக்குக் கேற் பூட்டப்படும், ஏழரைக்கு இடாப்பு மூடப்படும். பிந்தி வருகிறவர்கள் முதலாம் பாடம் முடியும்வரை வெளியில் நிற்கவேண்டும், அன்றைக்கு வரவும் பதியப்படாது. பாதையைப் பற்றி கிளாறிஸ் டீச்சர் போய் எடுத்துச் சொன்னாராம். அப்படியென்றால் நேரத்தோடு எழும்பச் சொல்லுங்கள் என்று அதிபர் சிரித்தாராம். பாதைக்காரன் எழும்பாவிட்டால் யசோதினி எழும்பி என்ன செய்வது? தண்ணீரில் நடப்பதா? டீச்சர் அடுத்த தவணையோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

அந்த ஆண்டு முழுக்க யசோதினி கேற்றுக்கு வெளியே நின்றாள். விடியற்காலையில் எழும்பி, வெள்ளைச் சட்டை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையில் வந்து, வந்து சேர்ந்த இடத்தில் நின்றாள். மாரி வெள்ளத்துக்குப் பாதை ஓடாமல் நின்ற நாட்கள் வேறு. இடாப்பில் அவளுடைய பெயருக்கு நேரே வெறும் சைபர். வகுப்புக்குள் வந்த நாளெல்லாம் வராத நாளாகப் போயிற்று.

வகுப்புப் படம் எடுத்தது அந்த ஆண்டு வைகாசியில், கண்ணகை அம்மன் சடங்கு முடிந்த கிழமை. அதனால்தான் கையில் நூல். படப்பிடிப்பாளர் கையைக் கீழே போடச் சொல்லிக் கத்தினார். அவள் போடவில்லை. பதினோரு வருசம் போட்ட கை, ஒரு படத்துக்காக எடுக்கவா என்று என் காதுக்குள் கேட்டாள்.

மூன்றாம் தவணையில் அவளுடைய தகப்பனை அதிபர் கூப்பிட்டார். அழகரத்தினம் மாமா வாவியில் இறால் பிடிக்கிறவர், பள்ளிக்கூட ஒப்பீசுக்குள் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை. அதிபர் அவரைக் கதிரையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, மகளின் வரவு காணாது, கணக்கும் போதாது, அவளுடைய நன்மைக்காகவே சொல்கிறேன், இந்த முறை பள்ளிக்கூடப் பெயரில் இல்லாமல் பிரைவேற்றாக எடுக்கட்டும் என்று பக்குவமாகச் சொன்னார். நன்மை யாருக்கு என்று எங்கள் வகுப்பில் கடைசி வாங்குக்காரனுக்கும் தெரியும். சித்தியடையமாட்டாள் என்று நினைத்த பிள்ளையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் வீதம் தானாக ஏறும். மாமா கையெழுத்துப் போட்டார். போட்டது மட்டுமில்லை, நன்றியும் சொல்லிவிட்டு வந்தார். பெரிய மனிதர் தன்னையும் இருத்தி மரியாதையாகக் கதைத்தார் என்று பாதையில் வந்த எல்லோருக்கும் சொன்னாராம். ஒரு பிளேன்ரீக்கு ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடத்தை வாங்கியிருக்கிறார்கள்.

நாங்கள் பதினெட்டுப் பேரும் வெள்ளைச் சீருடையில் எங்கள் மண்டபத்தில் பரீட்சை எழுதினோம். அவள் வீட்டுச் சட்டையோடு, தெரியாத ஊரில், வயது போனவர்களுக்கு நடுவில் இருந்து எழுதினாள். பெறுபேறு வந்தது. நாங்கள் எல்லாரும் சித்தி. அவளும் சித்தி. அவள் திக்கிய கணக்கிலும் C, திறமைச் சித்தி.

உயர்தரக் கலைப் பிரிவுக்கு விண்ணப்பப் படிவம் கேட்டு அவள் தகப்பனோடு போனாள். இந்த முறை கதிரையும் இல்லை, பிளேன்ரீயும் இல்லை. பிரைவேற்றாக எடுத்தவர்கள் இந்தப் பாடசாலையின் பிள்ளைகள் இல்லை, இடமில்லை, டவுனில் கேட்டுப் பாருங்கள் என்று அதிபர் நின்றபடியே சொல்லி அனுப்பினார். டவுன் என்றால் பாதை ஏறி, பஸ் மாறி, இருட்டினால் திரும்பிவரப் பாதை இல்லை. மாமாவால் அது முடியாது. அவளுடைய சின்னம்மா வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் சொல்லி வைத்திருந்தார்கள். மாதம் பிறக்க அவள் போகவேண்டும். படிவம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் தையல் மெசின். அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கிழமைதான் பதாகை ஏறியது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாராட்டு விழா. வலயத்திலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வருகிறார், பாண்ட் வாத்தியத்தோடு எங்களைக் கேற்றிலிருந்து கூட்டிப்போய் மாலை போடுவார்கள், ஏழு மணிக்கே வந்துவிடுங்கள் என்று அறிவித்தார்கள். நன்றியுரை நான் சொல்லவேண்டுமாம். எதற்கு நன்றி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் போகமாட்டேன் என்று வினோஜனிடம் சொன்னேன். எங்கள் மானிட்டர் அவன், வாய் திறப்பது குறைவு.

"போவம்," என்றான். "எல்லாரும் போவம். ஆனா பாதையில போவம்."

வெள்ளிக்கிழமை விடிய, முதல் பாதையில் பதினெட்டுப் பேரும் அக்கரைக்குப் போனோம். யசோதினியின் வீட்டுக்கு முன்னால் போய் நின்று வெளிக்கிடச் சொன்னோம். அவளுக்கு விருப்பமே இல்லை. எனக்கு அங்க என்ன வேலை, என்னை வைச்சு வேடிக்கை காட்டவா போறீங்க என்று என்னோடு சண்டை பிடித்தாள். அவளுடைய தகப்பன்தான் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்த மனிதருக்கும் உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

பாதைக்காரரிடம் நாங்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அது தன்பாட்டில் பிந்தியது. ஆள் நிரம்பக் காத்து நின்றது, நடுவாவியில் ஆற்றுவாழை சிக்கியது, ஒருவர் இறங்கி அதை வெட்டி எடுத்தார். ஒவ்வொரு நாளும் நடப்பதுதான். அன்றைக்கு அதைப் பார்க்கப் பத்தொன்பது பேர் இருந்தோம்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. கேற் பூட்டியிருந்தது. சட்டம் சட்டம்தானே. உள்ளே பாண்ட் வாத்தியக்காரப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். மேடையில் மாலைகள் தட்டில் கிடந்தன. பாராட்டப்பட வேண்டிய வகுப்பு முழுவதும் தங்கள் படத்துக்குக் கீழே, பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்றது. காவல்காரர் எங்களையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதிபரைக் கூப்பிட ஓடினார்.

அதிபர் சிரித்த முகத்தோடு வந்தார். வருகிற வழியிலேயே எங்களுக்கு நடுவில் நின்றவளைக் கண்டுகொண்டார். சிரிப்பு நின்றது. கேற்றை ஓராள் நுழையுமளவுக்குத் திறந்து, பதினெட்டுப் பேர் மட்டும் வாங்கள் என்றார். யாரும் அசையவில்லை. குரலைத் தணித்து, விழாவைக் கெடுக்காதீர்கள், பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, எழும்பி வந்துகொண்டிருந்தார்.

கல்வி அதிகாரி கேற்றடிக்கு வந்து, ஏன் பிள்ளைகள் வெளியில் நிற்கிறார்கள் என்று கேட்டார். அதிபர் பிள்ளைகள் பிந்திவிட்டார்கள் என்று இழுத்தார். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். நன்றியுரைக்காரி நான்தானே, நானே பேசினேன்.

"ஐயா, மேல பாருங்க. என்ட தோளில ஒரு கை இரிக்கி. அந்தக் கைக்குரிய ஆள் இவதான். பாதை பிந்தினதுக்கு இவவ வகுப்பால வெட்டினாங்க. இவவும் பாஸ் பண்ணிட்டா. இப்ப படிக்க இடமில்ல எண்டு சொல்றாங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு பார்வையை இறக்கி யசோதினியின் மணிக்கட்டைப் பார்த்தார். நூல் வெளிறி இழையாகிப் போயிருந்தது, ஆனாலும் அங்கேதான் இருந்தது. அவர் அதிபரிடம், இதென்ன என்று கேட்டார்.

"அது அச்சகக்காரன்ட பிழை சேர்," என்றார் அதிபர். "கையையும் சேத்து வெட்டத்தான் சொன்ன நான். அவன் கவனிக்கல்ல. மாத்திப் போடுறன்."

மனிதர் மன்னிப்புக் கேட்டது அதற்குத்தான். வெட்டியதற்கு இல்லை, வெட்டாமல் விட்டதற்கு. யசோதினி தன் இடது கையை மெதுவாக எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஏதோ களவெடுத்த கையைப் போல. பந்தை வாவி வரைக்கும் அடித்த கை அது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்தது.

அதிகாரி சத்தம் போடவில்லை. பெறுபேறு என்ன என்று அவளிடம் கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். உயர்தரம் படிக்க இது தாராளமாகப் போதும், நான் போவதற்கு முன் இந்தப் பிள்ளையின் படிவத்தை நிரப்பி என் கையில் கொடுங்கள் என்று அதிபரிடம் சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பினார். கேற்றைப் பற்றியும் இடாப்பைப் பற்றியும் அவர் வாயே திறக்கவில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு நியாயம் போதும்போலிருக்கிறது.

மாலைகள் பதினெட்டுத்தான் இருந்தன. எனக்குப் போட்டதைக் கழற்றி அவளுக்குப் போடப் போனேன். வேண்டாமென்றாள். நன்றியுரையில் பாதைக்காரருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

யசோதினிக்கு இடம் கிடைத்தது. தொழிற்சாலைக்கு வரவில்லை என்று சின்னம்மாவுக்குச் சொல்லியாயிற்று. அதிபரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், உயர்தர வகுப்பு தொடங்குகிற திங்கட்கிழமைக்குள் புதுப் பதாகை வந்துவிட்டது. அதே சிவப்பு எழுத்து, அதே வட்டத்தலை, அதே படம். என் தோள் மட்டும் துப்புரவாக இருந்தது. சட்டை மடிப்புக்கூடப் புதிதாக வரைந்திருந்தார்கள். வேலையென்றால் வேலை.

அன்றைக்கு நான் நேரத்தோடு போய்விட்டேன். வினோஜனும் மற்றவர்களும் வந்திருந்தார்கள். கேற் திறந்துதான் இருந்தது. யாரும் உள்ளே போகவில்லை. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவுமில்லை. ஏழரைக்குக் காவல்காரர் வந்து எங்களைப் பார்த்து, தலையைச் சொறிந்து, பூட்டிவிட்டுப் போனார்.

பாதையின் ஹோர்ன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யசோதினி ஓடி வந்தாள். புதுச் சட்டை, கையில் புதுக் கொப்பிகள். எங்களைக் கண்டு நின்றாள். பிறகு அண்ணாந்து பதாகையைப் பார்த்தாள். தன் கையைத் தேடினாள். அது இல்லையென்று கண்டதும் அவள் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன்.

"தள்ளி நில்லுகா," என்றாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவள் என் வலது பக்கத்தில் வந்து நின்று, கையைத் தூக்கி என் தோளில் போட்டாள்.

கேற்றுக்கு உள்ளே, ஒப்பீசு வாசலில், அதிபர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கட்டும்.