முதல் டிக்கெட்

எழுபத்தொன்பதாம் வருஷம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடிய ஒரு கவர்மெண்ட் பஸ்ஸில் நான் கண்டக்டர். பெயர் வீரமுத்து. சிடுமூஞ்சிக் கண்டக்டர் என்று கேட்டாலும் காட்டுவார்கள். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் எண்பது பேரை அடைத்து, எண்பது பேரிடமும் சில்லறைக்கு மல்லுக்கட்டுகிறவன் சிரித்த முகமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

டிரைவர் அய்யாக்கண்ணு அண்ணன் வேறு மாதிரி ஆள். ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்து, முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டாமல் கியர் போடமாட்டார். அதுகூடப் பரவாயில்லை. அவருக்குப் போணி முக்கியம். காலையில் வண்டியில் முதலில் கால் வைக்கிற ஆளுக்குத்தான் முதல் டிக்கெட் போட வேண்டும். அந்தக் காசு பைக்குள் விழுந்தால்தான் அன்றைய ஓட்டம் பிசகாமல் நடக்கும் என்பது அவர் கட்சி.

ஐப்பசி மழையில் ஒருநாள் முதலில் கால் வைத்தவள் கொளஞ்சியம்மாள்.

அவளை ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தைந்து வயதிருக்கும். விக்கிரமங்கலத்தில் வாழ்ந்தவள். பிள்ளை இல்லை என்று புருஷன் இரண்டாவது கட்டிக்கொண்டு வந்தான். வந்தவள் ஆறே மாதத்தில் இவளைத் துணிமூட்டையோடு தெருவில் நிறுத்திவிட்டாள். ராத்திரி பெரம்பலூர் ஸ்டாண்டில் சுவரோரம் படுப்பாள். விடிந்ததும் கடைக்காரர்கள் வாசல் தெளிக்கிற தண்ணீரை அவள்மேலும் தெளித்து எழுப்பிவிடுவார்கள். அரியலூர் ரயில் ஸ்டேஷன் மரத்தடியில் பகலில் உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்பதில்லை. டீக்கடைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் சோறும் உண்டு. ஆனால் இருட்டினால் அங்கே விரட்டுவார்கள். ஒரு ஊரில் அவளுக்குப் பகல் இல்லை, இன்னொரு ஊரில் ராத்திரி இல்லை. நடுவில் பஸ்தான். சாயங்காலம் திரும்பும் வண்டி வேறு கண்டக்டருடையது. அதில் அவள் எப்படி வந்தாள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

"இந்தாம்மா, எறங்கு எறங்கு" என்று விரட்டப் போனேன்.

அய்யாக்கண்ணு அண்ணன் முன்னாலிருந்து கத்தினார். "டேய், எறக்காதடா! மொத ஆளு. ஏறுன லட்சுமிய எறக்கிவுட்ட மாதிரி ஆயிரும்."

"அப்ப ஓசியில கூட்டிட்டுப் போவவா?"

"ஓசிப் போணின்னா வண்டி உருப்படுமா? டிக்கெட்டப் போடு."

"காசு யாரு, ஒங்க அப்பாரா குடுப்பாரு?"

"நீ குடு. போணிதானடா, தொலையுது."

இறக்கவும் கூடாது, ஓசியிலும் கூடாது. எரிச்சலில் என் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து வசூல் பையில் போட்டு, டிக்கெட்டைக் கிழித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பொ சன்னலோரம் உக்காரலாமுங்களா?" என்று கேட்டாள். மற்ற வண்டிகளில் டிக்கெட் இல்லாமல் போன நாட்களில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தரையில்தான் உட்காருவாளாம். எனக்கு என்னமோ போலிருந்தது. "உக்காரு, உக்காரு" என்று அதட்டினேன்.

அன்று பஞ்சர் இல்லை, சண்டை இல்லை, வசூலும் நன்றாக ஆனது. கேட்க வேண்டுமா? மறுநாளிலிருந்து அய்யாக்கண்ணு அண்ணன் அவள் ஏறும்வரை சூடமே கொளுத்தவில்லை. தினமும் முதல் டிக்கெட் அவளுக்கு, காசு என்னுடையது. முனகிக்கொண்டுதான் கொடுத்தேன். ஆனால் தை மாதம் அண்ணன் நாலு நாள் லீவு போட்டபோதும் நான் கிழித்தேன். போணி கேட்க அப்போது யாரும் இல்லை.

அவள் அந்த டிக்கெட்டை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாள். யாருக்கும் காட்டமாட்டாள். அதனால் வண்டியில் வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ஓசி.

கடைசிக்கு முந்தின சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். அவள் சன்னலோரம் ஒடுங்கி உட்காருவாள். மற்ற இரண்டு இடத்திலும் யாரும் உட்காரமாட்டார்கள். அவள் எடுத்துக்கொண்டது ஒரு இடம், மற்றவர்களுக்கு இல்லாமல் போனது மூன்று இடம். அந்தக் குற்றமும் அவள் தலையில்தான் விழுந்தது.

"காசு குடுத்த நாங்க கால் கடுக்க நிக்கிறோம், ஓசியில வர்றவளுக்குச் சன்னலோரமா?" என்பாள் கத்தரிக்காய்க் கூடையோடு வரும் பாப்பாத்தி.

"பாவம், விடும்மா. போக்கிடம் இல்லாத சீவன்" என்பார் ஒரு பெரியவர். சொல்லிவிட்டு அவரும் நின்றுகொண்டுதான் வருவார். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் டிக்கெட் இல்லாமல் முன் சீட்டில் வருவார். அவருக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள்.

இதில் மும்முரமாக இருந்தவர் ராசாங்கம். அரியலூரில் ஓர் ஆபீஸில் கிளார்க். என் மனைவி அம்சவள்ளிக்கு உடன்பிறந்த அண்ணன். தினமும் இதே வண்டி.

"மாப்ள, இந்தப் பொம்பளைக்கு டிக்கெட் போடுறியா இல்லியா?" என்று ஒருநாள் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

மாட்டிக்கொண்டது அங்கேதான். இல்லை என்றால் நான் காசு வாங்காமல் ஆள் ஏற்றுகிற கண்டக்டர், வேலை போகும். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, காசு யார் கொடுத்தது? எனக்கும் அம்சவள்ளிக்கும் கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. எங்கம்மா ஜாடைமாடையாகப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அம்சவள்ளி ராத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பி அழுவாள். ராசாங்கம் எங்கள் வீட்டுக்கே வந்து, "என் தங்கச்சி தலையில இன்னொருத்திய ஏத்தி வெச்சா நான் மனுசனா இருக்கமாட்டேன் மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படிப்பட்ட மனிதரிடம், வீடு வாசல் இல்லாத ஒரு பொம்பளைக்குத் தினமும் நான்தான் டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்று எப்படிச் சொல்வது? போணிக்காக என்றால் கைகொட்டிச் சிரிப்பார்களே. பயந்தேன். வெட்கம் வேறு.

"பாத்துக்கலாம் மச்சான்" என்று சொல்லி விசிலை ஊதினேன்.

கொளஞ்சியம்மாள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

ராசாங்கம் சும்மா இருப்பாரா? நல்ல கையெழுத்தில் ஒரு மனு எழுதி, வண்டியில் வருகிற முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி டெப்போவுக்கு அனுப்பிவிட்டார். பாவம் என்று சொன்ன பெரியவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பேரளி தாண்டியதும் ரோட்டோரம் ஜீப் நின்றது. செக்கிங் இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் கையைக் காட்டினார். வண்டி நின்றது. யாரும் இறங்கக் கூடாது என்று இரண்டு படியிலும் ஆள் நிறுத்தினார்கள். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. கைக்குழந்தைகள் அழுதன.

"சார், மொதல்ல அந்தச் சன்னலோரத்தப் பாருங்க" என்றார் ராசாங்கம். "அப்படி டிக்கெட் இருந்துதுன்னா, காசு எவன் குடுத்தான்னும் கேளுங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தாள். நீட்டப் போனவள், ராசாங்கம் சொன்னதைக் கேட்டதும் நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொள்வதுபோல் கையைக் கொண்டுபோய், அந்தக் காகிதத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டாள். வெற்றிலை மெல்லுவதுபோல் மென்றாள். எண்பது பேரில் அதைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டாள். இன்னொருத்தி வந்ததால் வீட்டை இழந்தவள். என் வீட்டில் தன் பேர் இன்னொருத்தியாக நுழைந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். டிக்கெட் இல்லாத ஆள் வண்டியில் இருந்தால் முதலில் கண்டக்டர் கழுத்துக்குத்தான் கத்தி வரும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"டிக்கெட் எங்கம்மா?"

"இல்லீங்க. ஓசியிலதான் ஏறுனேன். அவரு பாக்கல."

பாலசுந்தரம் கெட்டிக்காரர். எல்லார் டிக்கெட்டையும் நம்பர் வாரியாகப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த கட்டையும் வாங்கிப் பார்த்தார். "வீரமுத்து, மொத நம்பர் டிக்கெட் யார்கிட்டயும் இல்ல. இந்தம்மாகிட்ட டிக்கெட் இல்ல. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போவுதே. இதுக்குப் போட்டியா? சொல்லு, இத்தோட முடிச்சிரலாம்."

அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். ஆமாம் சார் என்ற இரண்டு சொல் போதும். ராசாங்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார். பாப்பாத்தி கூடைமேல் கை ஊன்றிப் பார்த்தாள். எல்லாரும் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்கள்.

"அது பேரளியில எறங்குன ஆளுக்குப் போட்டது சார்" என்றேன்.

அய்யாக்கண்ணு அண்ணன் சீட்டிலிருந்து பாதி எழுந்தார். "சார், அந்த மொத டிக்கெட்டு வந்து..."

"அண்ணே!" என்று போட்டேன் ஒரு அதட்டல். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். வண்டி அரியலூர் போய்ச் சேரும்வரை கண்ணாடியில் என்னைப் பார்க்கவே இல்லை.

அபராதம் கட்ட அவளிடம் என்ன இருக்கிறது? மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது என்னை இடித்துவிடக் கூடாது என்று ஒதுங்கிப் போனாள். ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். நான் டபுள் விசில் ஊதினேன். அது என் வேலை.

"அப்பாடா, வண்டி சுத்தமாச்சு" என்றாள் பாப்பாத்தி. மூன்று இடமும் காலியாகக் கிடந்தது. கழுவிவிட்டால் உட்காரலாம் என்றார்கள். அரியலூர்வரை யாரும் உட்காரவில்லை.

ஆளைக் கவனிக்காமல் விட்டதற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது, அவ்வளவுதான். அவரு பாக்கல என்று அவள் சொன்ன சொல்தான் என் வேலையைக் காப்பாற்றியது. அன்று ராத்திரி அம்சவள்ளி போட்ட சோற்றைப் பாதியில் தள்ளி வைத்தேன். என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

மறுநாள் காலை வண்டியில் ஏறினேன். சட்டைப் பைக்குள் கை போனது, காசைப் பையில் போட்டேன், முதல் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு சன்னலோரம் நீட்டினேன். யாரும் இல்லை. கிழித்த டிக்கெட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. கையிலேயே வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமையும் அதே மாதிரி. கையைத் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அய்யாக்கண்ணு அண்ணன் சூடம் கொளுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை பேரளியில் மறுபடி ஜீப். மெமோ வாங்கினவன் வண்டியை அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார்கள். பாலசுந்தரம் எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னிக்கும் மொத டிக்கெட்ட காணும். இன்னிக்கும் எறங்கிப் போயிட்டானா ஒன் ஆளு?"

நான் கையை விரித்துக் காட்டினேன். அன்றைய முதல் டிக்கெட் வியர்வையில் நனைந்து கசங்கியிருந்தது.

"இல்ல சார். இது கொளஞ்சியம்மாளுக்கு. அஞ்சு மாசமா நான்தான் என் காசுல போட்டேன். அன்னிக்கும் போட்டேன். என் பேரு கெட்டுரும்னு அது டிக்கெட்ட மென்னு முழுங்குச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

பின்னாலிருந்து யாரோ, "கண்டக்டரப் பாத்தா அப்புடித் தெரியலியே" என்றான். வண்டி முழுக்கச் சிரித்தது. பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எதற்குப் பயந்தேனோ அது என் தலையில் விழுந்தது. குனிந்து வாங்கிக்கொண்டேன்.

"என்ன மாப்ள சொல்ற?" என்றார் ராசாங்கம்.

அய்யாக்கண்ணு அண்ணன் திரும்பிப் பார்த்து, போணிக் கதையைச் சொன்னார். சூடம், எலுமிச்சம்பழம், மழை, எல்லாவற்றையும் சொன்னார். ராசாங்கம் கேட்டுவிட்டு அவரும் சிரித்துவிட்டார். "அட, இம்புட்டுத்தானா? இந்த அண்ணன் பண்ணுன கூத்தா இது? இதச் சொல்றதுக்கு என்ன மாப்ள ஒனக்கு?"

"அந்தம்மா எங்க சார்?" என்று பாலசுந்தரத்தைக் கேட்டேன்.

"ஸ்டேஷன்ல ஒப்படைச்சோம். கோர்ட்டுல நிறுத்தி, மெட்ராஸ் பக்கம் பிச்சைக்காரங்க இல்லத்துக்கு அனுப்பிட்டதாச் சொன்னாங்க." கீழே இறங்கப் போனவர் நின்றார். "இத நீ செவ்வாக்கெழம சொல்லியிருந்தா, அது பாட்டுக்கு அரியலூர்ல எறங்கிப் போயிருக்கும்யா."

அவள் யாரிடமும் கை நீட்டி நான் பார்த்ததில்லை. நான் நீட்டியதைத்தான் வாங்கிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. சித்தளி ஒண்ணு, அரியலூர் ரெண்டு என்று கைகள் நீண்டன. நான் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே போனேன். சிரித்தவர்கள் மழையைப் பற்றியும் பருத்தி விலையைப் பற்றியும் பேச ஆரம்பித்திருந்தார்கள். பேரளியில் தொடங்கிய சிரிப்பு சித்தளி வருவதற்குள் அடங்கிவிட்டது. பத்து நிமிஷம்கூட இருக்காது. அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பயந்துதான் அவளை ஜீப்பில் ஏற்றினேன்.