சிவப்புப் பெயின்ட் அடித்த கேம்ஷாஃப்ட்

பட்டறை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே சுகந்தி ஆரம்பித்துவிட்டாள்.

"காஜா தம்பி, இதுல எது நல்லதுன்னு நீயாச்சும் சொல்லு. எங்க வீட்டு மனுசன் காலையிலேருந்து என்னைய மென்னு திங்கிறாரு."

சாக்கை விரித்தாள். இரண்டு கேம்ஷாஃப்ட்டுகள். இரண்டும் நுனி முதல் அடி வரை சிவப்பு.

மெக்கானிக் காஜா நவாஸ் இரண்டையும் புரட்டிப் பார்த்தான். "யாரு மதினி பெயின்ட் அடிச்சது?"

"நாந்தேன். போட்டுக்கு அடிச்சதுல ஒரு டப்பா மிஞ்சிப்போச்சு. உப்புக் காத்துல இரும்பச் சும்மா வச்சா துரு தின்றும்ல? நங்கூரத்துக்கு அடிச்சேன். அப்படியே இதுக்கும் ஒரு இழுப்பு."

"இதுக்கு எண்ணெய் தடவுனாப் போதும்."

"அதத்தேன் அவரும் சொல்றாரு. நீ சொன்னா கேக்குற மாதிரி இருக்கு, அவரு சொன்னா கோவம் வருது."

எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது. அதன் மேல் வரிசையாக முட்டை வடிவ மேடுகள். மேட்டின் வடிவம் மாறினால் வால்வு திறக்கும் நேரம் மாறும். நேரம் மாறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

போன பருவத்தில் சுகந்தியின் கணவன் இமானுவேலின் விசைப்படகில் இந்தத் தண்டு நடுக்கடலில் முறிந்தது. நான்கு மணி நேரம் படகு இலங்கை எல்லைக் கோட்டைப் பார்த்து மிதந்தது. வேறொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்ததால் ஐந்து பேரும் அக்கரைச் சிறைக்குப் போகாமல் தப்பினார்கள். பழைய எஞ்சின், புதுத் தண்டு கிடைக்கவில்லை. மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் இமானுவேல் இரண்டு தண்டுகளை வாங்கி வந்தான். இரண்டும் கம்பெனி சரக்கு என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். நாளை மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது.

சுகந்தி போன பின் காஜா நவாஸ் தின்னர் ஊற்றிப் பெயின்ட்டைக் கரைத்தான். மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்தான். வார்ப்பிலேயே புடைத்திருந்த எண் தெரிந்தது. இரண்டிலும் ஒரே எண். எஞ்சின் புத்தகத்தில் இருந்ததும் அதுவே. வெர்னியரை வைத்து மேட்டின் உயரத்தை அளந்தான், மேடு எழும்பாத பக்கத்தின் அடிவட்டத்தை அளந்தான், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தான். வால்வைத் தூக்கும் அளவு இரண்டிலும் ஏழு புள்ளி ஆறு மில்லிமீட்டர். புத்தகத்திலும் ஏழு புள்ளி ஆறு.

அவன் மனைவி அஃபீஃபா மதுரை ஆஸ்பத்திரியில் மவுத்தாகி ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதமும் அவன் மண்டபத்துப் பட்டறைக்கு வந்தான், வேலை பார்த்தான், போனான். கேட்டதற்குப் பதில் சொன்னான். கணக்குச் சரியாக வந்தால் தாளை மடித்து வைத்துவிடுவான். இன்றும் அப்படித்தான் மடித்தான்.

மதியம் இமானுவேலின் படகை ஓட்டும் வேல்சாமி வந்தார்.

"ரெண்டும் கம்பெனிதான்" என்றான் காஜா நவாஸ்.

"அப்ப மினுமினுன்னு இருக்கறத எடுத்துக்கிறேன். பொண்ணு பாக்கப் போனாலும் அதான முறை?" வேல்சாமி தண்டைத் தோளில் ஏற்றினார். "நடுக்கடல்ல நிக்காதுல்ல தம்பி?"

"நிக்காது."

"நின்னா நீந்தி வர ஒடம்புல தெம்பு இருக்கு. மதுரையில ரத்தம் எடுத்த நர்சம்மாவே சொல்லுச்சு, மீனு நல்லாத் திங்கிறீரோன்னு."

"மதுரையில எதுக்கு ரத்தம் குடுத்தீக?"

வேல்சாமி திரும்பிப் பார்த்தார். "ஒங்க வீட்டுப் புள்ளைக்குத்தேன். பதிலுக்கு அஞ்சு பாட்டில் கேட்டாகள்ல? நாங்க போட்டுக்காரவுக அஞ்சு பேரும் வேன் புடிச்சு வந்தோம். ஒமக்குத் தெரியாதா?"

தெரியாது. ரத்தம் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். யார் கொடுத்தது என்று அவன் கேட்கவே இல்லை.

வேல்சாமி போய்விட்டார். காஜா நவாஸ் மடித்த தாளைப் பிரித்தான். கழித்து வந்த விடையை விட்டு, கழித்த எண்களைப் பார்த்தான். ஒரு தண்டின் அடிவட்டம் புத்தகத்தில் உள்ளபடி முப்பத்தாறு. மினுமினுத்த தண்டில் முப்பத்து நான்கு புள்ளி எட்டு.

ஓட்டத்தில் மேட்டின் மூக்குதான் தேயும். அடிவட்டம் இவ்வளவு தேயாது. அதுவே சிறுத்திருந்தால், கம்பெனித் தண்டை எடுத்து யாரோ சுற்றிலும் சாணை பிடித்து வேறு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். எண் வார்ப்போடு வந்தது, அது மாறாது. அந்த மினுமினுப்பைத் தன் உப்புத்தாள் வேலை என்று நினைத்திருந்தான்.

மற்ற தண்டையும், தாங்கியையும், நூலளவு ஏற்றத்தையும் காட்டும் டயல் கேஜையும், கோணம் காட்டும் டிகிரித் தகட்டையும் வண்டியில் கட்டிக்கொண்டு துறைக்கு விரட்டினான்.

எஞ்சின் அறையில் இமானுவேல் தண்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அத உள்ள விடாதீக. நான் சொன்னது தப்பு."

"என்னப்பா இஞ்சினியரு, காலையில ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சா?"

"பாதிதான் பாத்தேன். மனசு இல்லாமப் பாத்தேன்."

இமானுவேல் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

இரண்டு தண்டுகளையும் தாங்கியில் வைத்து, முனையில் டிகிரித் தகடு மாட்டி, காஜா நவாஸ் மெல்லச் சுற்றினான். மினுமினுத்த தண்டில் டயலின் முள் பன்னிரண்டு டிகிரி முன்னாலேயே எழும்பியது. உச்சம் ஒன்றுதான். எழும்பும் நேரம்தான் வேறு.

"இத மாட்டியிருந்தா?" வேல்சாமி கேட்டார்.

"வால்வு பிஸ்டன்ல இடிச்சிருக்கும். கரையில இடிச்சாத் தப்பிச்சோம்."

"கடல்ல இடிச்சா அக்கரைச் சோறு" என்றார் வேல்சாமி. யாரும் சிரிக்கவில்லை.

மற்ற தண்டின் எல்லா மேடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன. மறுநாள் பகல் முழுக்க இமானுவேலோடு உட்கார்ந்து அவனே மாட்டினான். சாயங்காலம் நான்கு மணிக்கு எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டார்கள். பிசிறில்லாத சத்தம்.

சுகந்தி கேனில் டீயோடு வந்தாள். "பாத்தியா, நான் பெயின்ட் அடிச்சதாலதான தம்பி தேச்சுத் தேச்சுப் பாத்துச்சு!"

"அந்தத் தேய்ப்புதேன்டி கண்ண மறச்சது" என்றான் இமானுவேல். பிறகு காஜா நவாஸைப் பார்த்தான். "நீ வந்தது பெரிய உவகாரம் தம்பி. வராமலே விட்டிருந்தாலும் எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

காஜா நவாஸ் டீயைக் கீழே வைத்தான்.

"ரத்தம் குடுத்த அஞ்சு பேரும் இங்கன இருக்கீகளா?"

இமானுவேல், வேல்சாமி, வலை தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், சமையல்காரர். ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீங்க குடுத்த பின்னால அவ மூணு நாள் இருந்தா. அதுக்கு முந்தி கண்ணே தெறக்கல. அந்த மூணு நாளும் பேசுனா. அது ஒங்களாலதான். நான் வந்து சொல்லியிருக்கணும். அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்."

சுகந்தி கேட்டாள். "என்ன தம்பி பேசுச்சு புள்ள?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அவன் படகின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"கண்ணத் தெறந்ததும் மொத பேச்சு, 'ஒங்க சட்டை ஏன் இம்புட்டு அழுக்கா இருக்கு?'"

சமையல்காரர்தான் முதலில் சிரித்தார்.

"அப்பறம்?" என்றாள் சுகந்தி.

அவன் சொல்ல ஆரம்பித்தான்.